வேர்டில் தமிழ் மலர் தயாரிப்பது எப்படி: எழுத்துரு முதல் அச்சகம் வரை

வேர்டில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றுகிறீர்கள். நடுவில் கிடந்த ஆங்கிலச் சொல்லும் தொலைபேசி எண்ணும் மாறிவிடுகின்றன. தமிழ் மட்டும் அசையாமல் பழைய முகத்தோடேயே நிற்கிறது. இன்னொரு கோப்பில் தலைப்புக்குத் தடிமன் கொடுத்தால் எண்கள் தடிக்கின்றன, தமிழ் ஒல்லியாகவே இருக்கிறது. 'வேர்டுக்குத் தமிழ் வராது' என்று பலர் சலித்துக்கொண்டு எழுந்துவிடுவது இந்த இடத்தில்தான். வேர்டுக்குத் தமிழ் நன்றாகவே வரும். தமிழுக்கென்று அது தனி அலமாரி வைத்திருக்கிறது. நாம் பக்கத்து அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) வேலையில் என் கைக்கு வந்த பென் டிரைவ்களில் கோயில் மலர், ஆய்வேடு, சங்க ஆண்டறிக்கை, மனு என்று எல்லாம் இருந்தன. கோளாறுகள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று இந்த அலமாரிக் குழப்பம். மற்றது, ஸ்டைல் என்ற வசதியைத் தொடாமலே ஒவ்வொரு வரியையும் கையால் அலங்கரிப்பது. ஊர்ச் சங்கம் ஒன்று வெளியிடும் 40 பக்க ஆண்டு மலரை எடுத்துக்கொள்வோம். வாழ்த்துரை, கட்டுரைகள், சில கவிதைகள், கடைசியில் நன்கொடையாளர் பட்டியல். பலர் பலவிதமாகத் தட்டி அனுப்பிய உரை. இதைக் கையில் எடுத்து அச்சகத்துக்குக் கொடுக்கும் வரை வரிசையாகப் போகலாம்.

மெனுப் பெயர்களை ஆங்கிலத் திரையில் வாசிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். சொல்வதெல்லாம் விண்டோஸில் ஓடும் வேர்டுக்கு. லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர், கூகுள் டாக்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் ஒரு பகுதி உண்டு.

அந்த இரண்டாவது அலமாரி

'கெ' என்று தட்டும்போது கணினி சேமிப்பது முதலில் க, அதன் பின் ஒற்றைக்கொம்பு. திரையிலோ கொம்பு முன்னால் வந்து நிற்க வேண்டும். 'கொ' என்றால் ஒரே உயிர்க்குறி இரு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். சேமித்த வரிசை ஒன்று, வரையும் வரிசை வேறு. இப்படிப்பட்ட எழுத்து முறைகளை, அரபி, இந்தி, தாய் எல்லாவற்றோடும் சேர்த்து, 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற வகையில் வேர்டு வைத்திருக்கிறது. ஆங்கிலம் 'லத்தீன்' வகை.

ஆவணத்தில் உள்ள எந்தத் துண்டு உரைக்கும் வேர்டு இரண்டு குறிப்புகளை எழுதிவைக்கும்: லத்தீனுக்கு ஓர் எழுத்துரு, காம்ப்ளெக்ஸுக்கு ஓர் எழுத்துரு. அளவும் இரண்டு, தடிமனும் இரண்டு, சாய்வும் இரண்டு. தமிழுக்கு ஏரியல் என்று நீங்கள் சொன்னால், ஏரியலில் தமிழ் கிடையாது என்பதால் அந்தக் கட்டளை லத்தீன் பக்கம் போய்விடுகிறது. தமிழ், காம்ப்ளெக்ஸ் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பார்த்துக்கொண்டு தன் பாட்டுக்கு இருக்கும்.

இந்த அலமாரியைக் கண்ணுக்குக் கொண்டுவர:

1. ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்வேஜ் போங்கள். தமிழை ஆவண மொழியாகச் சேருங்கள். வேர்டை மூடித் திறங்கள்.
2. ஒரு தமிழ் வரியைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+டி அழுத்துங்கள். ஃபாண்ட் பெட்டி திறக்கும்.
3. மேலே 'லத்தீன் டெக்ஸ்ட்', கீழே 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று இரண்டு பகுதிகள் தெரியும். தமிழின் எழுத்துரு, தடிமன், அளவு மூன்றும் கீழ்ப்பகுதியில் இருக்கின்றன.

கீழ்ப்பகுதியில் '+பாடி சிஎஸ்' என்று இருந்தால் நீங்கள் எதையும் தேர்வு செய்யவில்லை என்று பொருள். வேர்டின் வழக்கமான தீம் (ஆவணத்துக்கு இயல்பாக வரும் எழுத்துரு, நிறத் தொகுப்பு) தமிழுக்கு என்று குறித்துவைத்திருப்பது லதா. கேட்காமலே பல கோப்புகளில் லதா வந்து உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

இன்னொரு நுணுக்கம். எண்களும் முற்றுப்புள்ளி, காற்புள்ளி, அடைப்புக்குறிகளும் இரண்டு அலமாரிக்கும் பொதுவானவை. தமிழ் வாக்கியத்துக்கு நடுவில் வந்தாலும் இவை பல நேரம் லத்தீன் எழுத்துருவையே எடுத்துக்கொள்ளும். 'ரூ. 500' என்பதில் 'ரூ' ஒரு முகம், '500' வேறு முகம். ஒரு பக்கத்தைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றி, என்னவென்று சொல்லத் தெரியாமல் முழிப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். தீர்வு எளிது: ஆங்கில எழுத்தும் எண்ணும் சேர்ந்தே உள்ள ஒரு தமிழ் எழுத்துருவைத் தேர்ந்து, அதையே இரண்டு அலமாரியிலும் வையுங்கள்.

எந்த எழுத்துரு

விண்டோஸோடு வந்தவை மூன்று. லதா விண்டோஸ் 2000 காலத்தது. விஜயா விண்டோஸ் 7 உடன் வந்தது. நிர்மலா யுஐ விண்டோஸ் 8 முதல் இருக்கிறது. விண்டோஸ் 10 வந்தபோது லதாவையும் விஜயாவையும் பொதுத் தொகுப்பிலிருந்து எடுத்து, தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்கள் என்ற விருப்பத் தொகுப்பில் போட்டுவிட்டார்கள். உங்கள் கணினியில் லதா இருக்கலாம், அச்சகத்தில் புதிதாக வாங்கிய கணினியில் இல்லாமலும் போகலாம். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம்தான். ஆனாலும் புதிய வேலையை லதாவில் தொடங்காதீர்கள் என்பது என் கருத்து. கடிதத்துக்குப் போதும், 40 பக்கம் படிக்க அலுப்புத் தட்டும். விஜயா அழகுதான், ஆனால் அதே அளவில் மற்றவற்றைவிடச் சிறியதாகத் தெரியும். 12 என்று வைத்தது 10 போலிருக்கும்.

நிர்மலா யுஐ திரைக்காக வரையப்பட்டது. அச்சிலும் தெளிவாகவே வரும், தடிமனுக்கு அசல் வடிவமும் உண்டு. எதையும் நிறுவ மனமில்லை என்றால் இதுவே போதும்.

கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பவற்றில் மலருக்கு நான் எடுப்பது இரண்டு. உடல் உரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ், அல்லது முக்த மலர். முதலாவதில் கோடுகள் தடித்து மெலிந்து வரும், பழைய அச்சுப் புத்தகச் சாயல் இருக்கும். இரண்டாவது ஒரே கனம், நவீனமானது, பல தடிமன்களில் கிடைக்கும். தலைப்புக்கு பலூ தம்பி 2, அரிமா (முன்பு அரிமா மதுரை) போன்ற குண்டெழுத்துகள் இருக்கின்றன. சின்னஞ்சிறு அளவில் அவை படிக்க முடியாது. அட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓர் ஆவணத்தில் இரண்டு எழுத்துரு போதும். மூன்றாவது வந்தால் திருவிழா பேனர் களை கட்டிவிடும்.

கூகுளிலிருந்து இறக்கும் சிப் கோப்பைப் பிரித்தால், நோட்டோ செரிஃப் தமிழ் போன்றவற்றில் மேலாக ஒரு 'வேரியபிள்' கோப்பும் (எல்லாத் தடிமனும் ஒரே கோப்பில்) உள்ளே 'ஸ்டேட்டிக்' என்ற கோப்புறையும் இருக்கும். வேரியபிள் கோப்பு வேர்டில் தடிமனில் தகராறு செய்யும். ஸ்டேட்டிக்குக்குள் போய் (முக்த மலரில் அந்தக் கோப்புறை இல்லை, நேராகவே) ரெகுலர், போல்டு இரண்டையும் வலச்சொடுக்கி 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். போல்டை நிறுவாமல் விட்டால், தடிமன் கேட்கும்போது வேர்டு இருக்கிற எழுத்தையே பக்கவாட்டில் ஈஷித் தடித்ததுபோல் காட்டும். 'ணை', 'ஞூ' போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு மைக்கறை மாதிரி அச்சாவது அப்படித்தான்.

நிறுவியதும் ஒரு சோதனை வரி தட்டிப் பாருங்கள்: ஞொ, ணை, கௌ, ஸ்ரீ, க்ஷ, ழூ, 1234567890, ₹, ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள். இத்தனையும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி வந்தால் அந்த எழுத்துரு தேறியது.

உரையைச் சுத்தம் செய்வது

அலங்காரம் அப்புறம். முதலில் வந்த உரை எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

யாராவது பாமினியில் தட்டி அனுப்பியிருப்பார்கள். பாமினி, ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய ஏற்பாடு. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ்ப் படத்தை ஒட்டிவைத்தது. 'தமிழ்' என்று தெரிவதற்கு உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. அந்த உரைக்கு நிர்மலாவைக் கொடுத்தால் அந்த ஆங்கிலக் கிறுக்கல்தான் வெளியே வரும். எழுத்துரு மாற்றம் இங்கே உதவாது, குறியீட்டையே மாற்ற வேண்டும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக எடுங்கள். வானவில், ஸ்ரீலிபி கோப்புகளுக்கும் இதே கதைதான். மாற்றும்போது தடிமன், நிறமெல்லாம் உதிர்ந்துவிடும் என்பதால்தான் இதை முதல் வேலையாகச் சொல்கிறேன்.

மாற்றி முடித்ததும், அல்லது அவசரத்தில் தட்டிய உரையிலும், இரண்டு திருட்டுப் பிழைகள் ஒளிந்திருக்கும்.

முதலாவது 'அவா்'. கண்ணுக்கு 'அவர்' மாதிரியே தெரியும். உள்ளே ர் கிடையாது. துணைக்காலும் அதன் தலையில் ஒரு புள்ளியும். பாமினியில் பலர் ர் என்பதை இப்படித்தான் தட்டிப் பழகியிருக்கிறார்கள். தேடினால் அகப்படாது, சில எழுத்துருக்களில் புள்ளி விலகி நிற்கும். கால் மேல் புள்ளி தமிழில் எங்கேயுமே வராது. ஆகவே கண்ட்ரோல்+எச் அழுத்தி, அந்தப் போலி எழுத்தை உரையிலிருந்தே நகலெடுத்து மேலே ஒட்டி, கீழே 'ர்' தட்டி, 'ரீப்ளேஸ் ஆல்' கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்.

இரண்டாவது 'கெளரவம்'. சரியானது 'கௌரவம்'. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ள என்ற எழுத்தும் சேர்த்துத் தட்டியது. அம்புக்குறி விசையால் நகர்ந்து பாருங்கள்: 'கௌ' ஒரே எட்டில் தாண்டும், 'கெள' இரண்டு எட்டு எடுக்கும். இதில் 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்தீர்களோ, மீன்பிடிப்பு பற்றிய கட்டுரையில் கெளுத்தி மீனும் கெளிறும் கௌரவம் பெற்றுவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

வாட்ஸ்ஆப்பில் வந்ததை ஒட்டினால் தடிமனுக்காக அவர்கள் போட்ட நட்சத்திரக் குறிகளும் கூடவே வரும். வேறு கோப்பு, இணையம் எதிலிருந்து எடுத்தாலும் ஒட்டும்போது வலச்சொடுக்கி 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' தேர்ந்தெடுங்கள். அடுத்தவர் வீட்டு அலங்காரம் நமக்கு வேண்டாம்.

பத்திக்குப் பத்தி இரண்டு முறை என்டர் தட்டியிருப்பார்கள். கண்ட்ரோல்+எச் பெட்டியில் 'மோர்', பிறகு 'ஸ்பெஷல்' அழுத்தி 'பாராகிராஃப் மார்க்' என்பதை மேலே இரண்டு முறையும் கீழே ஒரு முறையும் இட்டு மாற்றுங்கள். இரட்டை வெற்றிடங்களையும் இதே வழியில் ஒற்றையாக்குங்கள். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+8 அழுத்தினால் மறைந்திருக்கும் என்டர், டேப், வெற்றிடம் எல்லாம் குறிகளாகத் தெரியும். வேலை முடியும் வரை அதை அணைக்காமல் வைத்திருப்பது என் பழக்கம்.

கடைசியாக, முழு உரையையும் தேர்ந்து (கண்ட்ரோல்+ஏ) கண்ட்ரோல்+ஸ்பேஸ், பிறகு கண்ட்ரோல்+க்யூ. முதலாவது எழுத்து அலங்காரத்தைக் கழற்றும், இரண்டாவது பத்தி அலங்காரத்தைக் கழற்றும். கட்டுரைக்குள் ஆசிரியர் வேண்டுமென்றே தடித்திருந்த சொற்களும் போய்விடும். அவற்றை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

தாள்

லேஅவுட், சைஸ் போய் ஏ5 தேர்ந்தெடுங்கள். 148 × 210 மி.மீ., ஏ4 தாளில் சரிபாதி. மார்ஜின்ஸில் 'கஸ்டம்' திறந்து 'மல்டிப்பிள் பேஜஸ்' என்ற இடத்தில் 'மிரர் மார்ஜின்ஸ்' வையுங்கள். தைக்கும் பக்கம் 20 மி.மீ., மற்றவை 15 மி.மீ. சரியாக இருக்கும். இதை இப்போதே செய்யுங்கள். எல்லாம் அமைத்த பிறகு தாள் அளவை மாற்றினால் வரிகள் எல்லாம் புரண்டு, அத்தனை பக்கத்தையும் மறுபடி பார்க்க வேண்டிவரும்.

ஸ்டைல்: ஒரு முறை சொன்னால் போதும்

40 பக்கமும் முடிந்த பிறகு சங்கச் செயலாளர் வந்து, 'எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கே, பெரியவங்க படிக்கணும்ல' என்பார். கையால் அலங்கரித்தவர் அன்று இரவு தூங்க மாட்டார். ஸ்டைல் வைத்தவர் ஓர் எண்ணை மாற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம்.

ஸ்டைல் என்பது பெயர் வைத்த அலங்காரம். 'இது தலைப்பு', 'இது உடல் உரை', 'இது கவிதை' என்று பத்திக்குப் பெயர் மட்டும் சூட்டுகிறோம். அந்தப் பெயருக்கு எந்த எழுத்துரு, என்ன அளவு, எவ்வளவு இடைவெளி என்பது ஓரிடத்தில் எழுதியிருக்கிறது.

உடல் உரையிலிருந்து தொடங்குங்கள்:

1. ஹோம் பட்டையில் ஸ்டைல்ஸ் வரிசையில் 'நார்மல்' மேல் வலச்சொடுக்கி 'மாடிஃபை'.
2. திறக்கும் பெட்டியின் மேற்பகுதியில் தெரியும் எழுத்துருப் பட்டியலை நம்ப வேண்டாம். கீழே இடது மூலையில் 'ஃபார்மேட்', அதில் 'ஃபாண்ட்'. பழைய இரண்டு அலமாரிப் பெட்டி வரும்.
3. லத்தீன், காம்ப்ளெக்ஸ் இரண்டிலும் முக்த மலர், ரெகுலர், 11.
4. மறுபடி 'ஃபார்மேட்', 'பாராகிராஃப்'. 'ஸ்பெஷல்' என்பதில் 'ஃபர்ஸ்ட் லைன்', 5 மி.மீ. 'பிஃபோர்' 0, 'ஆஃப்டர்' 0. வரி இடைவெளிக்கு 'மல்டிப்பிள்', 1.15.

பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ளுவது ஒரு முறை, பத்திகளுக்கிடையே இடைவெளி விடுவது இன்னொரு முறை. இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டாம். மலருக்கு முதல் முறை இடத்தை மிச்சப்படுத்தும், புத்தகக் களையும் வரும். அறிக்கை, கடிதம் என்றால் இரண்டாவது. வேர்டு தானாக வைத்திருப்பது இரண்டாவதுதான்: 2013 முதல் பத்திக்குப் பின் 8 பாயிண்ட் இடைவெளி.

பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு. ஆனால் 11 பாயிண்ட் என்பது எல்லா எழுத்துருவிலும் ஒரே உயரமாகத் தெரியாது. விஜயாவைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கும். ஆகவே எண்ணைப் பார்த்து முடிவெடுக்காமல் ஒரு பக்கத்தை அச்சிட்டுக் கையில் பிடித்துப் பாருங்கள். 60 வயது தாண்டிய ஒருவரிடமும் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்து 'ஹெடிங் 1', கட்டுரைத் தலைப்புக்கு. இது நார்மலிலிருந்து பிறந்ததென்றாலும் எழுத்துருவைத் தீமின் தலைப்பு எழுத்துருவிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால் இதற்கும் தனியே ஃபாண்ட் பெட்டிக்குள் போய் இரண்டு அலமாரியிலும் எழுத்துரு, போல்டு, 18 என்று வையுங்கள். ஆரம்பத்தில் சொன்ன ஒல்லித் தமிழ்த் தலைப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும்: காம்ப்ளெக்ஸ் பகுதியில் போல்டு வைக்க மறந்தது. பாராகிராஃப் பெட்டியில் முதல் வரித் தள்ளலை 'நன்' ஆக்குங்கள். 'லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ்' என்ற தாளில் 'பேஜ் பிரேக் பிஃபோர்' டிக் செய்தால் ஒவ்வொரு கட்டுரையும் புதுப் பக்கத்தில் தொடங்கும். என்டரைத் தட்டித் தட்டித் தலைப்பைக் கீழே தள்ளும் வேலை இனி இல்லை. உட்தலைப்புக்கு 'ஹெடிங் 2', 13 பாயிண்ட், மேலே 10, கீழே 4 இடைவெளி.

கட்டுரை ஆசிரியர் பெயர், கவிதை, நன்கொடை வரி ஆகிய மூன்றுக்கும் 'கிரியேட் எ ஸ்டைல்' மூலம் புது ஸ்டைல் செய்து தமிழிலேயே பெயர் வையுங்கள். வேர்டுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

பெயர்களை வைத்தாயிற்றா? இனி உரைக்குள் போய் ஒவ்வொரு தலைப்பிலும் கர்சரை வைத்து கண்ட்ரோல்+ஆல்ட்+1, உட்தலைப்பில் கண்ட்ரோல்+ஆல்ட்+2. உடல் உரைக்குத் திரும்ப கண்ட்ரோல்+ஷிஃப்ட்+என். 40 பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். அதற்குக் கூலியாக, ரெஃபரன்சஸ் பட்டையில் 'டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்' அழுத்தினால் பொருளடக்கம் பக்க எண்ணோடு தானே வரும். பக்கம் நகர்ந்தால் வலச்சொடுக்கி 'அப்டேட் ஃபீல்டு'. பொருளடக்கத்தின் எழுத்து வேறு மாதிரி இருந்தால், அதற்கும் 'டிஓசி 1' என்று ஒரு ஸ்டைல் இருக்கிறது.

ஒரு பத்தி மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை என்றால் அதில் கர்சரை வைத்து ஷிஃப்ட்+எஃப்1. வலப்பக்கம் திறக்கும் பலகத்தில் 'டிஸ்டிங்குவிஷ் ஸ்டைல் சோர்ஸ்' டிக் செய்தால், எது ஸ்டைலிலிருந்து வந்தது, எது யாரோ கையால் போட்டது என்று பிரித்துக் காட்டும்.

வரி இடைவெளியும் தலை வெட்டும்

பக்கத்தைச் சுருக்கச் சொன்னதும் பலர் போகும் குறுக்கு வழி, வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி 12' என்று வைப்பது. ஆங்கிலத்துக்கு அது தாங்கும். தமிழில் 'கீ', 'நீ' என்பவற்றின் மேல் சுழி தலை போகும், 'ழு', 'ஞூ' கால் போகும். திரையில் வெட்டுப்பட்டு அச்சில் சரியாக வருவதும் உண்டு, இரண்டிலும் வெட்டுப்படுவதும் உண்டு. 'எக்ஸாக்ட்லி' வேண்டுமென்றால் எழுத்தின் அளவைவிட ஒன்றரை மடங்கு வையுங்கள்: 11-க்கு 16 அல்லது 17. இல்லையேல் 'மல்டிப்பிள்' போதும். அதிலும் 1-க்குக் கீழே இறக்கினால் இதே வெட்டு வரும்.

இதற்கு நேர்மாறான புகார்: ஒரே ஒரு வரி மட்டும் விலகி நிற்கிறது. அந்த வரியில் வேறு எழுத்துருவில் ஓர் எழுத்தோ வெற்றிடமோ ஒளிந்திருக்கும். பத்தியைத் தேர்ந்து கண்ட்ரோல்+ஸ்பேஸ்.

இரு ஓரமும் சமமாக வேண்டுமா

'ஜஸ்டிஃபை' கொடுத்தால் புத்தகம் போலிருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறோம். தமிழ்ச் சொற்கள் நீளம். 'கலந்துகொண்டவர்களுக்கெல்லாம்' என்ற ஒன்றே ஏ5 தாளில் அரை வரி பிடிக்கும். அது அடுத்த வரிக்குப் போனால், விட்டுப்போன மூன்று சொற்களை இழுத்து வரியை நிரப்பும்போது நடுவில் வெற்றிடம் ஆறாக ஓடும். செய்தித்தாள் போல இரண்டு காலமாகப் பிரித்த பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம்.

பழைய அச்சுக்கோப்பவர்கள் இதற்குச் செய்தது சொல்லை எந்த எழுத்திலும் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோனது, இணைப்புக்கோடு கூட இல்லாமல். வேர்டிலும் செய்யலாம். உடைய வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து இன்சர்ட், சிம்பல், மோர் சிம்பல்ஸ், 'ஸ்பெஷல் கேரக்டர்ஸ்' தாளில் 'நோ-விட்த் ஆப்ஷனல் பிரேக்'. கண்ணுக்குத் தெரியாத வெட்டுக்குறி இது. தேவைப்பட்டால் மட்டும் அங்கே உடையும். உயிர்மெய்க்கு நடுவிலும் புள்ளி எழுத்துக்கு முன்னாலும் வைக்காதீர்கள். 'ள்' என்று ஒரு வரி தொடங்கினால் பார்க்க நன்றாக இராது. நீளச் சொல் இரண்டு மூன்றுக்கு இதைச் செய்யலாம், பக்கம் முழுக்கச் செய்ய முடியாது. மற்றபடி இடது ஓரம் மட்டும் சமன் செய்வதில் ஒரு வெட்கமும் இல்லை.

பிரியக் கூடாததைச் சேர்த்துக் கட்டவும் வழி உண்டு. 'ரூ.' ஒரு வரியிலும் '5,000' அடுத்த வரியிலும் விழுந்தால், நடுவில் சாதாரண வெற்றிடத்துக்குப் பதில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஸ்பேஸ். தலையெழுத்துக்கும் பெயருக்கும் இடையில் இதைப் போடுவது பெயருக்குரியவர்களுக்குச் செய்யும் மரியாதை.

கவிதைக்கு ஜஸ்டிஃபை கூடவே கூடாது. அடி முடிவில் ஷிஃப்ட்+என்டர், கண்ணி முடிவில் என்டர் என்பது சரியான முறை. ஆனால் பத்தி ஜஸ்டிஃபையில் இருந்தால், ஷிஃப்ட்+என்டரில் முடியும் மூன்று சொல் அடியை வேர்டு பக்க அகலத்துக்கு இழுத்துக் கட்டிவிடும். 'கவிதை' ஸ்டைலில் இடது சமன், இடப்பக்கம் 15 மி.மீ. தள்ளல்.

அழுத்தம் கொடுப்பது

ஆங்கிலத்தில் நூல் பெயருக்கும் அழுத்தத்துக்கும் சாய்வெழுத்து. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாய்வு வடிவம் வரையப்படவே இல்லை. நோட்டோ செரிஃப் தமிழ் போன்று விதிவிலக்கு மிகச் சில. கண்ட்ரோல்+ஐ அழுத்தினால் வேர்டு நிமிர்ந்த எழுத்தை அப்படியே ஒரு பக்கம் சாய்த்துக் காட்டும், காற்றில் சாய்ந்த பந்தல்கால் போல. நூல் பெயருக்கு ஒற்றை மேற்கோள், அழுத்தத்துக்குத் தடிமன். இது போதும்.

அடிக்கோடு தட்டச்சுப் பொறிக் காலத்துப் பழக்கம். 'கு', 'டு', 'ழு' எல்லாவற்றின் வாலையும் வெட்டிக்கொண்டு போகும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் தமிழில் இல்லாததால் 'ஆல் கேப்ஸ்', 'ஸ்மால் கேப்ஸ்' டிக் செய்து ஒன்றும் ஆகாது. ஃபாண்ட் பெட்டியின் 'அட்வான்ஸ்டு' தாளில் எழுத்திடைவெளியை விரித்தால், கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகக்கூடும். தலைப்பு அகலமாக வேண்டுமென்றால் அளவைக் கூட்டுங்கள்.

நன்கொடையாளர் பட்டியல்

மலரில் எல்லாரும் முதலில் புரட்டும் பக்கம் இதுதான், தங்கள் பெயர் இருக்கிறதா என்று. பெயர் இடது பக்கம், தொகை வலது பக்கம், நடுவில் புள்ளிக்கோடு. இதை முற்றுப்புள்ளியைத் தட்டித் தட்டி நிரப்பியவர்களின் பக்கத்தில் தொகைகள் ஒன்றன்கீழ் ஒன்று நில்லாமல் நெளிந்து போகும். எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இல்லை, எத்தனை புள்ளி தட்டினாலும் சேராது.

'நன்கொடை' ஸ்டைலில் மாடிஃபை, ஃபார்மேட், 'டேப்ஸ்' திறங்கள். ஏ5 தாள் அகலம் 148-ல் ஓரங்கள் 35 போக மிச்சம் 113 மி.மீ. 'டேப் ஸ்டாப் பொசிஷன்' என்ற இடத்தில் 113 மி.மீ. என்பதை உங்கள் வேர்டு காட்டும் அலகில் இடுங்கள், சென்டிமீட்டரில் 11.3. 'அலைன்மென்ட்' ரைட், 'லீடர்' 2, பிறகு 'செட்'. இனி பெயர் தட்டி ஒரு டேப், தொகை, என்டர். புள்ளிகள் தாமே நிரம்பும், தொகைகள் வலது ஓரத்தில் நேர்கோடாக நிற்கும். ₹ குறிக்கு, ஆங்கில (இந்தியா) விசைப்பலகையில் வலது ஆல்ட்+4.

கடிதத்தின் கீழே 'இடம்', 'நாள்', 'தலைவர்' என்று ஒரே வரியில் வைப்பதற்கும் டேப்தான், ஸ்பேஸ்பாரை அழுத்திப் பிடிப்பதல்ல.

ரைட்டரும் டாக்ஸும்

லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரிலும் இரண்டு அலமாரி உண்டு. அங்கே பெயர் 'வெஸ்டர்ன்', 'சிடிஎல்'. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழிப் பகுதியில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' டிக் செய்தால்தான் இரண்டாவது கண்ணில் படும். எஃப்11 ஸ்டைல் பலகத்தைத் திறக்கும். இதில் 'டிஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைல்' என்பதை மாற்றினால் மற்றவை பின்தொடரும். கூகுள் டாக்ஸில் எழுத்துருப் பட்டியலின் மேலே 'மோர் ஃபாண்ட்ஸ்' திறந்து, 'ஸ்கிரிப்ட்ஸ்' என்பதில் தமிழைத் தேர்ந்தால் நாம் பேசிய பல எழுத்துருக்கள் நிறுவாமலே கிடைக்கும். பலர் சேர்ந்து மெய்ப்புப் பார்க்க டாக்ஸ் வசதி. பக்க அமைப்பை அங்கே முடிக்க முயல வேண்டாம்.

அச்சகத்துக்கு

திரையில் சிவப்பு நெளிகோடுகள் கண்ணை உறுத்தினால் முழுவதையும் தேர்ந்து ரிவ்யூ, லாங்வேஜ், 'செட் ப்ரூஃபிங் லாங்வேஜ்' திறந்து 'டு நாட் செக் ஸ்பெல்லிங் ஆர் கிராமர்' டிக் செய்யுங்கள். அச்சில் அவை வராது, ஆனால் உண்மையான பிழை அவற்றுக்குள் மறைந்துவிடும்.

வேர்டு கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டு அச்சகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே முக்த மலர் இராது. வேர்டு ஒன்றும் சொல்லாமல் கிடைத்த எழுத்துருவைப் போட்டுவிடும், 40 பக்கம் 46 ஆகும். 'சேவ் ஆஸ்' மூலம் பிடிஎஃப் ஆக்குங்கள். அதை அடோபி ரீடரில் திறந்து, ப்ராப்பர்ட்டீஸில் 'ஃபாண்ட்ஸ்' தாளைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' என்று இருக்க வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுக்காத பெயர் ஏதாவது அந்தப் பட்டியலில் தெரிந்தால், எங்கோ ஒரு பத்தியோ வெற்றிடமோ பழைய எழுத்துருவில் கிடக்கிறது. வேர்டுக்குத் திரும்பி, கண்ட்ரோல்+எச் பெட்டியில் 'மோர்', 'ஃபார்மேட்', 'ஃபாண்ட்' வழியே அந்தப் பெயரைத் தேடிப் பிடிக்கலாம்.

வேர்டு கோப்பும் கூடவே கேட்டால், ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் போய் 'எம்பெட் ஃபாண்ட்ஸ் இன் த ஃபைல்' டிக் செய்து சேமித்துக் கொடுங்கள். உரிமம் அனுமதிக்கும் எழுத்துருக்கள் கோப்போடு போகும்.

'வேர்டு ஃபைல் குடுங்க, நாங்க பேஜ்மேக்கர்ல போட்டுக்கறோம்' என்று சொல்லும் அச்சகங்கள் இன்னும் உண்டு. பேஜ்மேக்கர் பழைய பக்க அமைப்பு மென்பொருள், அதற்கு யூனிகோடு தெரியாது. உங்கள் தமிழ் அங்கே கேள்விக்குறிகளாக இறங்கும், அவர்கள் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள், நீங்கள் விரட்டிய 'அவா்' திரும்ப வரும். அதன் பின் வந்த இன்டிசைன் என்றால் யூனிகோடு எடுக்கும், ஆனால் பத்தி அமைப்பியை (கம்போசர்) 'வேர்ல்டு-ரெடி' வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கொம்புகள் இடம் மாறி நிற்கும். எதுவானாலும் முதல் பிரதியை வாங்கி, நன்கொடையாளர் பக்கத்தையும் 'கொ', 'ணை', 'ஸ்ரீ' வரும் ஏதாவது ஒரு தலைப்பையும் பார்த்துவிட்டு மட்டும் 'ஓட்டுங்க' என்று சொல்லுங்கள்.